கேக்குக்கு மாட்டிய பெல்ட்

காரின் பின்சீட்டில் குழந்தைக்கென்று பொருத்திய இருக்கையில் அன்று ஒரு பிறந்தநாள் கேக் உட்கார்ந்திருந்தது. பெட்டியைச் சுற்றி பெல்ட்கூட மாட்டியிருந்தார்கள்.

“என்ன தம்பி, சொகுசா வர்றே? இது நம்ம வெண்பா இடமாச்சே” என்றது இருக்கை.

“பாப்பா முன்னாடி அம்மா மடியில இருக்குண்ணே. நான் நசுங்கிடக் கூடாதாம். பெல்ட் போட்டு விட்டாங்க” என்றது கேக், பெருமை பிடிபடாமல்.

“சரிதான். பாப்பாவுக்கு?”

கேக் வாயைத் திறப்பதற்குள் சாலையின் குறுக்கே ஒரு மாடு வந்தது. அப்பா பிரேக்கை ஓங்கி மிதித்தார். கேக் அசையவே இல்லை. வெண்பாவின் நெற்றி முன்பலகையில் போய் மோதியது. வீறிட்டு அழுதாள்.

வண்டி ஓரமாக நின்றது. புடைத்த நெற்றியை ஊதிக்கொண்டே அம்மா பின்சீட்டுக்கு வந்தாள். கேக்கை எடுத்துவிட்டு மகளை இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பக்கத்திலேயே கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீடு வருவதற்குள் கேக் ஒரு பக்கமாகச் சரிந்து, க்ரீம் பூவெல்லாம் மூடியில் ஒட்டிக்கொண்டது.

“ஐயோ, இப்படி ஆயிட்டியே தம்பி” என்றது இருக்கை.

“அட, விடுண்ணே. எப்படியும் என்னை வெட்டத்தானே போறாங்க” என்றது கேக்.