நூறடிக் கயிறு

கன்றுக்குட்டியின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

நீலக் கயிறு. நடுவில் ஒரு மஞ்சள் இழை.

போன ஆடியில் அவர்தான் அறுத்தார். கன்று பிறந்த அவசரத்தில் வேறு கயிறு கைக்கு அகப்படவில்லை. கிணற்றுக்கென்று வாங்கிய நூறடிக் கயிற்றில் ஆறடி அறுத்துக் கட்டினார். மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

வீட்டில் அதன் பிறகும் அதற்கு நூறடிக் கயிறு என்றுதான் பெயர்.

அந்தக் கயிற்றால்தான் மகளுக்குத் தடம் அளந்தார்.

கோகிலா அதுவரை பைபாஸில் ஓடிக்கொண்டிருந்தாள். போலீஸ் தேர்வுக்கு. ஒரு நாள் பைக்கில் இரண்டு பேர் அவள் பின்னாலேயே வீடுவரை வந்தார்கள். ரோட்டு ஓட்டம் போதும், நம் காட்டிலேயே ஓடு என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

சோளம் விதைக்கிற நாலு ஏக்கரை அந்த வருஷம் சும்மா போட்டார்.

கருவேலத்தை வேரோடு பிடுங்கினார். பள்ளத்துக்குச் செம்மண் கொட்டினார். சிமெண்டுக் குழாயில் மணலை அடைத்து, உருட்டி உருட்டித் தரையை இறுக்கினார். ஒருத்தி ஓட, பக்கத்தில் ஒருவர் சைக்கிள் மிதிக்க இடம் வேண்டும் என்று அகலமாகவே வெட்டினார். மூன்று மாதம். உள்ளங்கை இரண்டும் உரிந்து போயின.

தேர்வு ஓட்டம் நானூறு மீட்டர். அதற்குப் பதிமூன்று கயிறு. மேலே பன்னிரண்டு அடி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஊருக்கே புத்தி சொல்கிற மனிதர். இரண்டு தடவை அளந்தார். இரண்டு தடவையும் அச்சுப் பிசகாமல் வந்தது.

வராமல் என்ன செய்யும்? அதே கயிறுதானே.

தினமும் விடிகாலையில் கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே சைக்கிள் மிதித்தார். ஒரு சுற்று முடிந்து, எல்லைக் கல்லருகே பிரேக்கைப் பிடிப்பார்.

“ரெண்டு செகண்டு மிச்சம் கண்ணு!”

டீக்கடையில் தம்பட்டம் அடித்தார். யூனிபாரத்துக்கு அளவு கொடுப்பது ஒன்றுதான் பாக்கி என்றார்.

தேர்வில் மூன்று விநாடி பிந்திவிட்டாள்.

வயது இந்த வருஷத்தோடு முடிகிறது. இனி விண்ணப்பம் போடவே வழியில்லை.

அதுகூடப் பரவாயில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வாய் சும்மா இருந்ததா?

“நம்ம தடத்துல ஓடுன மாதிரி ஓடியிருந்தாப் போதுமே கண்ணு. அங்க போயி காலை விட்டுட்டியே.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு நாளாயிற்று. இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

கன்றின் கயிற்றை விட்டார். விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

பதிமூன்று ஆறு எழுபத்தெட்டு அடி.

கொத்தனார் வீட்டுக்குப் போய் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். வரும் வழியெல்லாம் தன்னைத்தானே வைதுகொண்டார். வீட்டுக்குள் போய் அவள் காலில் விழுந்தாலும் தகும் என்று தோன்றியது. அதற்கு முன்னால், தான் தின்றுவிட்ட தூரம் எவ்வளவு என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

எல்லைக் கல்லில் டேப்பின் கொக்கியை மாட்டினார். தடத்தோடு நடந்தார்.

முப்பது. ஐம்பது. எழுபது.

எழுபத்தெட்டில் வேப்பமரம் நின்றது.

டேப்பை இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார்.

கல்லைத் தாண்டியும் கோகிலா நிற்க மாட்டாள். அதே வேகத்தில் வேப்பமரம் வரைக்கும் ஓடுவாள். மரத்தைத் தொட்டதும் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பாள். ஒரு கணம் அங்கேயே நின்றுவிட்டு, மெல்ல நடந்து திரும்பி வருவாள். தினமும்.

ஒரு நாள் அவர் கடிந்துகூடக் கொண்டார். கல்லோடு நின்றால் என்ன, வாட்சு என் கழுத்தில்தானே கிடக்கிறது என்று.

“பட்டுன்னு நின்னாக் கால் புடிச்சுக்குமுங்கப்பா.”

கார்த்திகையில் ஒரே ஒரு நாள் டவுன் காலேஜ் மைதானத்தில் போய் ஓடிவிட்டு வந்தாள். வந்தவள் அவருடைய உரிந்த கைகளைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மறுநாளிலிருந்துதான் இந்த மரத்தைத் தொட ஆரம்பித்தாள்.

எண்ணெய் தடவும்போது ஏதோ சொல்ல வந்தாள். இப்போது நினைவு வருகிறது. அவர்தான் இடைமறித்து, தடம் எப்படி, மைதானத்தைவிட நம்முடையது நன்றாக இருக்கிறதல்லவா என்று கேட்டார்.

நல்லா இருக்குதுங்கப்பா என்றாள்.

மரத்தடியில் அவள் நின்று திரும்பும் இடத்தில் தரை லேசாகக் குழிந்திருந்தது. அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கொலுசுச் சத்தம் கேட்டது. நாலு நாளில் முதல் தடவையாக அவள் வாசலைத் தாண்டி வந்திருந்தாள். கையில் காப்பி.

அவர் டேப்பை அவசரமாகச் சுருட்டி மடியில் செருகினார்.

“ஏனுங்கப்பா, இங்க வந்து உக்காந்துட்டீங்க?”

“சும்மாதான் கண்ணு. நெழல் நல்லா இருக்குது.”

காலை நிழல் மரத்துக்கு மேற்கே நீண்டு கிடந்தது. அவர் உட்கார்ந்திருந்தது கிழக்கே, வெயிலில்.

கோகிலா நிழலைப் பார்த்தாள். அவர் மடியைப் பார்த்தாள்.

டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த வெயிலிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆமாங்கப்பா” என்றாள்.