மருந்தடிக்க ஒரு கண்ணாடி

போடியில் பாண்டியராஜனின் கண்ணாடிக் கடைக்கு மனைவி மருதாயியோடு வந்த சுடலை, அவர் கொடுத்த நான்கு கண்ணாடிகளையும் கையில் வாங்கி, வேண்டாமென்று திருப்பித் தந்தான். பாண்டியராஜனுக்கு எரிச்சல் வந்தது.

"ஏலத்தோட்டத்துல மருந்தடிக்கணும்ணே. ஓரத்துல ஓட்டை இருந்தா உள்ள வந்துரும்," என்றான் சுடலை.

"எத்தன வருசமா அடிக்கிறீக?"

"பதினாறு."

"இம்புட்டு நாளும் எதப் போட்டீக?"

"ஒண்ணும் போடலண்ணே."

முகத்தோடு ஒட்டி நிற்கும் ரப்பர் விளிம்புக் கண்ணாடியைப் பாண்டியராஜன் நீட்டினார். "இதப் போட்டுப் பாருங்க."

"இவளுக்குப் போட்டு விடுங்க. நாளையிலருந்து இவதான் அடிக்கப் போறா."

மருதாயி போட்டுக்கொண்டாள். சுடலையின் கை காற்றில் துழாவி, அவள் தோளைத் தொட்டு, முகத்தைக் கண்டுபிடித்தது. விரல்கள் ரப்பர் விளிம்பை மெதுவாகச் சுற்றி வந்தன.

"எங்கயும் சந்து இல்ல புள்ள. எனக்குப் போன மாதிரி ஒனக்கும் போயிரக் கூடாது."