முன் சீட்

கிளென் வேவர்லியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி முடிந்தது. மகள் ஆரணியை அழைத்துப்போக வந்த நிரூபாவை, ஆசிரியை கல்யாணி வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்க பொண்ணு இன்னைக்கு வகுப்பையே கைதட்ட வெச்சுட்டா. ஒரு காலத்துல அமெரிக்காவுல கறுப்பினத்தவங்க பஸ்ஸுல வெள்ளைக்காரங்களுக்கு எழுந்து இடம் விடணும், அதை எதிர்த்து ஒரு வருஷத்துக்கு மேல பஸ்ஸே ஏறாம நடந்தாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். உடனே ஆரணி எழுந்து, 'எங்கட அம்மா ஒவ்வொரு நாளும் முன் சீட்டிலதான் இருப்பா, எந்த வெள்ளைக்காரர் ஏறினாலும் எழும்ப மாட்டா'ன்னா."

நிரூபா சிரித்தாள். "ஓம் ரீச்சர், உண்மைதான்."

"கேக்கவே பெருமையா இருந்துச்சுங்க. ஆனா, 'வயசானவங்க ஏறினா எழுந்துப்பாங்கல்ல'ன்னு கேட்டேன். அப்பவும் மாட்டாங்கங்கறா."

"ஓம், எழும்ப மாட்டன்."

கல்யாணியின் முகம் மாறியது. "கைத்தடி ஊன்றிட்டு வந்தாலுமா?"

"வந்தாலும் எழும்ப ஏலாது."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு?"

"ஆர் வந்தாலும் அப்பிடித்தான் ரீச்சர்."

"தப்பா நினைக்காதீங்க. உரிமை வேற, மரியாதை வேற. பிள்ளைங்க நம்மளப் பாத்துதானே கத்துக்குறாங்க? நாளைக்கு ஒரு நாளாவது எழுந்து அந்த இடத்தை யாருக்காவது குடுங்க."

நிரூபா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வேலைக்கு நேரமாகியிருந்தது.

"குடுக்கலாம் ரீச்சர். ஆனா, அதில இருக்கிற ஆளுக்கு பஸ் ஓடுற லைசென்ஸ் வேணுமே."