கோல்கீப்பர் போட்ட கையெழுத்து

“லென்ஸை எடுத்துக்கிட்டு வா. நல்லாப் பார்த்துட்டு, வயிறெரிஞ்சுட்டுப் போ” என்று போனிலேயே வம்புக்கு இழுத்தார் அச்சகக்காரர்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

இரண்டு பேருமே பிரபலங்களின் ஆட்டோகிராஃப் சேர்க்கிற பைத்தியங்கள். இரண்டு பேருக்குமே எட்டாக்கனி அந்தக் கோல்கீப்பர். பந்தைப் பிடித்த கை ஒருநாளும் பேனாவைப் பிடித்ததில்லை. யார் நீட்டினாலும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். அந்த மனுஷன் கையெழுத்து, போயும் போயும் அச்சகக்காரர் வீட்டுச் சுவரிலா?

போலியாகத்தான் இருக்கும். இருந்தே தீர வேண்டும்.

ஊரில் யாருக்கு ஆட்டோகிராஃப் கிடைத்தாலும் கண்ணாடிக் கடைக்காரரிடம் காட்டிவிட்டுத்தான் ஃப்ரேம் போடுவார்கள். தாட்சண்யமே கிடையாது. ‘டூப்ளிகேட்’ என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவார். ஒருமுறை சொந்த மாமனாரிடமே சொல்லிவிட்டு, ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்.

அச்சகக்காரர் வீட்டு மாடிப்படியிலேயே அவர் மகள் காத்திருந்தாள்.

“மாமா, உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். அந்தக் கையெழுத்து நான் போட்டது.”

அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது முகத்தில் தெரியாமல் இருக்க, குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“ஆபரேஷன் முடிஞ்சு வந்ததிலிருந்து அப்பா சரியா பேசறதில்லை, சாப்பிடறதில்லை. அந்தக் கோல்கீப்பருக்கு எழுதி எழுதிப் பார்த்தேன், பதிலே வரலை. அவர் ஒப்பந்தத்துல போட்ட கையெழுத்து ஒரு தடவை பேப்பர்ல வந்ததில்லையா, அதைப் பார்த்து போட்டோ மேல நானே போட்டு, தபால்ல வந்த மாதிரி குடுத்தேன். அன்னைக்குத்தான் எழுந்து உட்கார்ந்து தட்டைக் காலி பண்ணார்.”

“அதுக்காக?”

“ஹால்ல மாட்டிட்டார் மாமா. வர்றவங்க ஒவ்வொருத்தரும் கிட்டப் போய்ப் பார்க்கறப்ப எனக்கு உயிர் போய் உயிர் வருது. இப்போ நீங்களே வந்துட்டீங்க. சொல்லிடாதீங்க, மாமா.”

“இந்த விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்லைம்மா.”



உள்ளே அச்சகக்காரர் சோபாவில் சாய்ந்து, ராஜா மாதிரி கையை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸை வைத்தார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. பேப்பரில் வந்த கையெழுத்துக்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. உலகத்தில் எவனும் இரண்டு தடவை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போட மாட்டான். போதாக்குறைக்கு, பேனா பயந்து பயந்து நின்ற இடத்திலெல்லாம் மை திட்டுத் திட்டாக ஊறியிருந்தது.

“என்ன, சத்தத்தையே காணோம்?”

“பார்த்துக்கிட்டிருக்கேன்யா.”

“பொறுமையா பாரு. நீ சொல்றதுதான் தீர்ப்பு.”

மகள் கதவோரம் வந்து நின்றாள்.

கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸை இறக்கினார்.

“அசல்தான். ஒரே வீச்சுல போட்டிருக்கார். சந்தேகமே வேண்டாம்.”

“வெளியில யாராவது கேட்டாலும் இதையே சொல்லுவியா?”

“சொல்லுவேன்யா.”

“டீ கொண்டு வர்றேன் மாமா” என்று மகள் சமையலறைக்கு ஓடினாள். போகும்போதே ஏதோ பாட்டு முணுமுணுப்பது கேட்டது.

அச்சகக்காரர் பக்கத்தில் வரும்படி விரலை ஆட்டினார்.

“பொய் சொல்றப்ப உனக்கு மூக்கு நுனி வேர்க்குது.”

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்குத் தெரியுமா?”

“ஆபரேஷன் நெஞ்சுலதானே பண்ணாங்க, கண்ணுல இல்லையே. கவரைப் பிரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் எதுக்குய்யா மெனக்கெட்டு என்னை லென்ஸோட வரச் சொன்னே?”

“மெதுவா பேசு. எவனாவது கண்டுபிடிச்சுடுவானோன்னு அவ தூங்கறதே இல்லை. நீ வர்றேன்னா வாசல்லயே அவ உன்னைப் பிடிச்சுக் கெஞ்சுவாள்னு தெரியும். நீயே அசல்னு சொல்லிட்டே இல்ல, இன்னைக்காவது என் பொண்ணு நிம்மதியா தூங்கட்டும்.”