கண்ணாடிக்குள் குங்குமம்

கம்பெனி ஏலத்தில் எடுத்த பழைய கனத்த டப்பா மானிட்டரை வனமாமலை ஷேர் ஆட்டோவிலிருந்து இறக்கியபோது, பென்னலூரில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னா தம்பி, ஆட்டுக்கல்லா?" என்றாள் வீட்டுக்காரம்மா கங்கம்மாள்.

மானிட்டரின் முதுகில் ஒயர் செருக ஐந்து வட்டத் துளைகள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கோ ஒரே தட்டையான ஒயர். சேரவே சேராது என்று எல்லோரும் சிரித்தார்கள். வனமாமலை மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்து உட்கார்ந்து ஒயர்களைப் பற்றவைத்தான். முதலில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. பிறகு வந்த படத்தைச் சும்மா சொல்லக்கூடாது, கடை மானிட்டரெல்லாம் பிச்சை வாங்கவேண்டும்.

திரையின் மூலையில் மட்டும், கம்பெனி ஆயுத பூஜையில் வைத்த பொட்டு காய்ந்து கிடந்தது. மனைவி மாடத்தி துணியால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது கண்ணாடிக்கு உள்ளல்லா இருக்கு!"

"கெடக்கட்டும்ளா, கம்பெனி பொட்டு."

அடுத்த ஆயுத பூஜைக்குத் தெருவையே அழைத்திருந்தான். கங்கம்மாள் தட்டை நீட்டினாள். அவன் சந்தனத்தைத் தொட்டுத் திரையருகே விரலைக் கொண்டுபோனான். விரல் படுவதற்குள், அதே இடத்தில் கண்ணாடியின் உட்புறம் ஈரச் சந்தனம் அப்பிக்கொண்டது. அதன்மேல் குங்குமம் வந்தது. அதில் ஒரு விரல்ரேகை தெளிவாகத் தெரிந்தது.

வனமாமலை நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தீங்களாக்கா? கடை மானிட்டர்ல இதெல்லாம் வராது."