கயிற்றின் ஒரு முனை

காஜா பெராங் கன்னியர் மடத்து முற்றத்தில் ஐந்து மணி வெயில் இன்னும் சுடுகிறது. மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கட்டிய காகிதத் தோரணம் மழையில் சாயம் போய் வேலியில் தொங்குகிறது. தாண்டு கயிற்றின் ஒரு முனையை வேலிக்கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள். மறுமுனை சிஸ்டர் செசிலியாவின் கையில் சுற்றுகிறது. பிள்ளைகள் விளையாடும்போது சிஸ்டர்கள் உட்காரக் கூடாது, கூடவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் சபையின் வழக்கம். பதினோரு வருடமாக நிற்கிறார். தோள் கழன்றுவிடும்போல் வலிக்கிறது. தன்னைச் சமையலறைக்கு மாற்றிவிடும்படி மடத்துத் தலைவியான மதருக்கு எழுதிய கடிதம் வெள்ளை அங்கியின் பையில் இருக்கிறது. கயிறு புழுதியை அடிக்கிறது, அடிக்கிறது, தாண்டிக்கொண்டிருந்த சிறுமி சந்திரமதியின் காலில் சிக்கி நிற்கிறது. ஆட்டமிழந்த பிள்ளையை அருகில் கூப்பிட்டு, அவளுக்கு மட்டுமாக ஒரு நல்ல வார்த்தையைக் காதில் சொல்வதும் சபையின் வழக்கம்தான். அதற்காகவே சிலர் வேண்டுமென்று தடுக்கி விழுவார்கள். சந்திரமதி ஓடி வந்து காதைக் காட்டுகிறாள். சிஸ்டர் குனிகிறார். நல்ல வார்த்தைக்குப் பதில் வியர்வைதான் மூக்கு நுனியிலிருந்து சொட்டுகிறது. கொஞ்ச நேரம் காத்திருந்த சந்திரமதி எக்கி, தன் வாயை சிஸ்டரின் காதருகே கொண்டுபோகிறாள். "செத்த நேரம் உக்காருங்க சிஸ்டர். நாங்க எங்கயும் ஓடிட மாட்டோம்." கயிற்றை அவளே வாங்கிக்கொள்கிறாள். சிஸ்டர் படியில் உட்கார, பையில் கடிதம் கசங்குகிறது. கயிறு மறுபடி புழுதியை அடிக்கிறது. சிஸ்டரின் வெறுங்கை மடியில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.