நடுவில் இல்லாத பொத்தான்

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில், வீட்டின் ஜன்னல் வெளிச்சத்தில் முன்னாள் சுரங்கத் தொழிலாளி எட்மண்ட் கைபேசியை ஏந்தியிருக்கிறார். சுரங்கத் தூசு படிந்த அவர் நெஞ்சு விசிலடிக்கிறது. மூச்சு முட்டினால் தன்னை அழைப்பதற்காக, பெங்களூரில் வேலை செய்யும் மகள் லவினா அவருக்கென்றே ஒரு செயலி எழுதியிருக்கிறாள். விடுமுறைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய கைபேசியில் அதன் சிவப்புப் பொத்தான் திரையின் நட்டநடுவில் நிற்கிறது. அவருடையதில் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. அவர் அந்த வெள்ளையையே அழுத்திக்கொண்டிருக்கிறார். "நடுவுல கீதுன்னியே, இன்னா அழுத்தினாலும் ஒண்ணும் வரலியேம்மா." "எழுத்தப் பெரிசா வெச்சிருக்கீங்க டாடி. அது பட்டனைக் கீழே தள்ளிடுச்சு." பொத்தானை மேலேயுள்ள எழுத்து வரியோடு மட்டும் கட்டியிருந்தவள், மடிக்கணினியில் குனிந்து, அதை இப்போது திரையின் மையத்தோடு கட்டுகிறாள். பொத்தான் நடுவுக்கு வருகிறது. அவர் அழுத்துகிறார். கையெட்டும் தூரத்தில் அவள் கைபேசி அலறுகிறது. "பாத்தீங்களா, வேலை செய்யுது!" "பாத்தேன். அண்டர்கிரவுண்டுல மணி அடிச்சா எங்கள மேல தூக்க கேஜ், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டு, வந்துடும். இத அடிச்சா நீ பெங்களூர்லேர்ந்து எப்போ வருவ?" தொலைவில் அவள் ஏறவேண்டிய பெங்களூர் ரயில் கூவுகிறது. பையை எடுத்துத் தோளில் மாட்டியவள் வாசலைத் தாண்டாமல் நிற்கிறாள். எட்மண்டின் விரல் பொத்தானை விட்டு இன்னும் எழவில்லை.